புகையிலிருந்து எரிபொருள் கண்ட சபாத்தியே

கொங்கு நாட்டில், நீலமலையின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலையில் அமைந்துள்ளது காரமடை. அங்கே அரங்கநாதர் கோயிலில் மாசித் திங்களில் நடைபெறும் தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் பந்த சேவையை எளிதில் மறவார். எண்ணெயில் தோய்ந்த பந்தங்களை ஏந்தியவாறு அடியார்கள் ஆடி வருவர். இரவு பகலாகும். விடிந்த பின்னர்ப் பார்த்தால் கரிந்த துணியும் கம்பும் எஞ்சி நிற்கும். ஊற்றிய எண்ணெயைக் காணோம். அந்த எண்ணெய் எங்கே போயிற்று?

அது அழிந்து போகவில்லை என்று விஞ்ஞானம் கூறுகிறது. எண்ணெயில் இருந்த கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கரியமில வாயு ஆயிற்று. அதிலிருந்த ஹைட்ரஜன் நீராவி ஆயிற்று. இரண்டும் கண்ணுக்குப் புலனாகாமல் வானிற் கலந்துவிட்டன. எரிந்து முடிந்த அந்த வாயுவை மீண்டும் எரியும் பொருளாக ஆக்க இயலுமா? சுட்ட சாம்பலை மறுபடியும் விறகாக்க முடியுமா என்று கேட்பது போன்ற கேள்வி இது. நம் தோட்டத்து நிலக்கடலைச் செடி அவ்வேலையைச் சத்தமின்றிச் செய்து வருகிறது. கதிரவன் ஒளியின் துணையால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, அதனையே பருப்பாகவும் எண்ணெயாகவும் மாற்றித் தருகிறது. ஆனால் செடியின் உதவியின்றி, வெறும் உலோகப் பொடி ஒன்றின் துணைகொண்டே இதனைச் செய்து காட்டலாம் என்பதை 1902 ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர்கள் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர். அவருள் ஒருவர் பால் சபாத்தியே. மற்றவர் ழான் பத்தீசுத்து சாந்தரான் என்னும் பாதிரியார். முன்னவருடைய வரலாற்றையே இங்குக் காண்போம். பின்னவரையும் அதில் மறந்துவிடலாகாது.

பிரான்சின் தென்பகுதியில் கார்க்கசோன் என்றொரு பழைய ஊர் உண்டு. நம் செஞ்சிக் கோட்டையைப் போலக் கல்மதில்களாலும் கொத்தளங்களாலும் புகழ்பெற்றது அது. 1854 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் சபாத்தியே அவ்வூரிற் பிறந்தார். பள்ளிப் படிப்பை அங்கும், அதற்கு அண்மையிலுள்ள துலூசு நகரத்திலும் முடித்தார். 1874 இல் பாரிசு நகரின் இருபெருங் கல்லூரிகளின் நுழைவுத் தேர்விலும் தேறினார். ஒன்று பொறியாளரையும் படைத்தலைவரையும் உருவாக்குவது. மற்றொன்று ஆசிரியரை உருவாக்குவது. சபாத்தியே தேர்ந்துகொண்டது ஆசிரியர் கல்லூரியை. மூன்றாண்டு பயின்று, 1877 இல் தம் வகுப்பில் முதல்வராக வெளிவந்தார்.

பின்னர் நீம் என்னும் ஊரின் பள்ளியில் ஓராண்டு பௌதிகம் கற்பித்தார். 1878 இல் பாரிசுக்குத் திரும்பி, அந்நாளில் பிரெஞ்சு இரசாயன உலகின் முடிசூடா மன்னராய் விளங்கிய பெர்த்தலோ என்பவரிடம் உதவியாளராக அமர்ந்தார். கந்தகத்தையும் உலோகச் சல்பைடுகளையும் பற்றி ஆராய்ந்து 1880 இல் டாக்டர் பட்டம் பெற்றார். போர்தோ நகரில் ஓராண்டு பணியாற்றிய பின், 1882 இன் தொடக்கத்தில் துலூசு வந்து சேர்ந்தார். பேராசிரியர் பதவி பெறக் குறைந்தது முப்பது வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. முப்பதாம் வயதை எட்டிய 1884 ஆம் ஆண்டிலேயே அப்பதவி அவரைத் தேடி வந்தது. அன்று முதல் இறுதிநாள் வரை அவர் துலூசை விட்டுப் பெயரவில்லை.

இனி அவர் ஆராய்ச்சியின் கதைக்கு வருவோம். அது ஒரு வால்வின் பழுதில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் லுத்விக் மோண்டு என்னும் ஆலை முதலாளி ஒருவர் இருந்தார். அவருடைய கருவிகளில் பொருத்தியிருந்த நிக்கல் வால்வுகள் காரணமின்றி அரித்துப் போயின. ஏன் என்று ஆராயப் புகுந்தவர்கள் வியப்பான ஓர் உண்மையைக் கண்டனர். நிக்கல் என்பது கெட்டியான உலோகம். ஆனால் அதன் மென்பொடி மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால், இரண்டும் கூடி, 43 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும் ஒரு நீர்மமாக மாறிவிடுகின்றன. 1890 இல் இச்செய்தி வெளிவந்தது. உலோகத்துக்குச் சிறகு முளைத்த கதையாக அறிஞர்கள் இதனைப் பேசினர்.

துலூசில் இதைப் படித்த சபாத்தியே, வியந்ததோடு நில்லாமல் மேலும் ஒரு படி எண்ணினார். கார்பன் மோனாக்சைடு இன்னும் பிற அணுக்களை ஏற்கத்தக்க நிறைவுறாத வாயு. அதனால்தானே அது நிக்கலைப் பற்றிக்கொண்டது? அங்ஙனமாயின், நிறைவுறாத பிற வாயுக்களும் உலோகத்தைப் பற்றவேண்டுமே! இவ்வெண்ணத்தை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கொண்டு சோதித்து ஓரளவு வெற்றியும் கண்டார். அச்சோதனைகளில் அவருக்குத் துணைநின்றவர்தாம் சாந்தரான். அவர் 1856 இல் பிறந்தவர். துறவு பூண்ட பாதிரியார். துலூசில் உள்ள கத்தோலிக்கக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். சமயச் சார்பற்ற அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அங்கியணிந்த பாதிரியாரும் ஒரே மேசையருகே நின்று கண்ணாடிக் குழாயைச் சூடேற்றிக் கொண்டிருந்த காட்சி அந்நாளைய பிரான்சில் எளிதில் காணக்கூடியது அன்று. அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் பிணக்கு நிலவிய காலம் அது.

அடுத்து எதிலீன் என்னும் வாயுவை நிக்கலின் மீது செலுத்த அவர்கள் எண்ணினர். அப்பொழுது ஒரு செய்தி காதுக்கு எட்டியது. பாரிசில் மோய்சான், மூரே என்னும் இருவர் 1896 இல் இதற்கு இனமான அசெட்டிலீன் வாயுவை நிக்கல் பொடி மீது செலுத்தியிருந்தனர் என்பதே அது. மோய்சான் என்பவர் எளியவரல்லர். பின்னாளில், 1906 இல், நோபல் பரிசு பெற்றவர். இந்நிலையில் சபாத்தியே செய்த செயல் கவனித்தற்குரியது. அவர் மறைவாகத் தம் வேலையைத் தொடரவில்லை. அந்த ஆராய்ச்சியை மேலும் நடத்தும் எண்ணம் உண்டா என்று மோய்சானைக் கேட்டறிந்தார். இல்லையென்று தெரிந்த பின்னரே தம் சோதனையைத் தொடங்கினார். பிறர் உழுத காலில் சொல்லாமல் விதைப்பது முறையன்று என்பது நம் நாட்டுக் குடியானவர் அறிந்ததே. ஆராய்ச்சி உலகிலும் அவ்வொழுக்கம் உண்டு. ஆயினும் எல்லாரும் அதைக் கைக்கொள்வதில்லை.

பாரிசு அறிஞர்கள் என்ன கண்டனர்? அசெட்டிலீன் பட்டதும் நிக்கல் தணல்போல் ஒளிர்ந்தது, கரி படிந்தது, ஒரு வாயு வெளிவந்தது. அதனை ஹைட்ரஜன் என்று கொண்டு அவர்கள் அமைந்துவிட்டனர். நுண்துளைகள் நிறைந்த பொடியில் வாயு அடைபட்டதால் எழுந்த வெப்பமே அனைத்துக்கும் காரணம் என்பது அவர்தம் விளக்கம். அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை என்று விட்டுவிட்டனர்.

சபாத்தியேயும் சாந்தரானும் எதிலீனை எடுத்துக்கொண்டு, 300 டிகிரி அளவில் சூடேற்றிய நிக்கல் பொடி மீது செலுத்தினர். அதே காட்சிதான் தோன்றியது. நிக்கல் ஒளிர்ந்தது, கரி படிந்தது, வாயு வந்தது. ஆனால் இவர்கள் வந்த வாயுவைப் பிடித்து முறையாகப் பகுத்து ஆராய்ந்தனர். அதில் ஹைட்ரஜன் சிறிதே இருந்தது. பெரும்பகுதி ஈதேன் என்னும் வேறொரு வாயு. எதிலீனோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடினால் கிடைப்பதே ஈதேன். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? எதிலீனின் ஒரு பகுதி சிதைந்து கரியாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது; அவ்வாறு பிரிந்த ஹைட்ரஜன், சிதையாது நின்ற எதிலீனோடு சென்று கூடியது. கூட்டி வைத்தது எது? அருகில் இருந்த நிக்கல்!

இவ்வூகம் சரியாயின், எதிலீனோடு ஹைட்ரஜனை நாமே கலந்து விட்டால் நிக்கல் அவ்விரண்டையும் எளிதில் இணைக்கவேண்டும். 1897 இல் அவர்கள் அதனைச் செய்து பார்த்தனர். பெரு வெப்பம் வேண்டியதாயில்லை. சித்திரை வெயிலின் சூட்டைக் காட்டிலும் அதிகமில்லாத 30, 40 டிகிரியிலேயே எதிலீன் முழுவதும் ஈதேனாக மாறிற்று. குழாயிலிருந்த நிக்கலோ குறையாமல், கூடாமல் அப்படியே இருந்தது. மேலும் மேலும் வாயுவைச் செலுத்தினாலும் அது சலிக்கவில்லை.

இங்ஙனம், தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவதை வினையூக்கி என்பர். வினையூக்கி சபாத்தியேக்கு முன்னரும் தெரிந்த பொருளே. பெர்சீலியசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1835 இல் அதற்குப் பெயரே சூட்டிவிட்டார். அதற்கும் முன்பு, 1823 இல், தோபரைனர் என்னும் செருமானியர் பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சி நெருப்புக்குச்சி இன்றியே விளக்கேற்றிக் காட்டினார். ஆயினும் பிளாட்டினம் அரசர் வீட்டு உலோகம், பொன்னைப்போல் விலையுடையது. நிக்கலோ மலிவானது; நம் சில்லறைக் காசுகளிலும் கலந்திருந்தது. அரிய வேலையை எளிய உலோகம் செய்யும் என்று காட்டியதே சபாத்தியேயின் பெரும் பேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின்னர்த் துலூசு ஆய்வுக்கூடத்தில் ஓயாத வேலை. எந்தப் பொருள் ஆவியாகுமோ அதனையெல்லாம் ஹைட்ரஜனோடு கலந்து நிக்கல் மீது செலுத்திப் பார்த்தனர். 1901 இல் பென்சீனை எடுத்தனர். ஆறு கரியணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் பொருள் அது. அந்த வளையத்தில் ஹைட்ரஜனைச் சேர்க்கப் பெர்த்தலோ போன்றோரே கடுமையான வழிகளில் முயன்றும் தூய விளைவு கிட்டவில்லை. நிக்கலோ 200 டிகிரிக்குட்பட்ட வெப்பத்தில் அதனை அமைதியாக முடித்துத் தந்தது. ஆசிரியரால் ஆகாததை மாணவர் ஒரு பிடி உலோகப் பொடியால் செய்து முடித்தார்.

1902 ஆம் ஆண்டு கரியமில வாயுவின் முறை வந்தது. உலகிலுள்ள வாயுக்களுள் சோம்பல் மிக்கது அது எனலாம். தீ மூட்டினால் எரியாது; எரிவதையும் அணைத்துவிடும். அதனோடு நான்கு மடங்கு ஹைட்ரஜனைக் கலந்து, 300 டிகிரி அளவில் சூடேறிய நிக்கல் மீது செலுத்தினர். கரியமில வாயுவைவிட்டுப் பிராணவாயு பிரிந்தது. பிரிந்து ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராயிற்று. தனித்து நின்ற கரியோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கூடி மீதேன் ஆயிற்று. மீதேன் என்பது வேறொன்றுமன்று. ஏரிச் சேற்றைக் கிளறினால் குமிழியிட்டு எழும் வாயு. சாணவாயுக் கலத்திலிருந்து குழாய் வழியே வந்து அடுப்பை எரிக்கும் வாயு. அடுப்பின் புகையாகச் சென்றது அடுப்புக்கு எரிபொருளாகத் திரும்பி வந்தது!

இதன் கணக்கையும் அறிந்துகொள்வது நலம். 44 கிராம் கரியமில வாயுவும் 8 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து 16 கிராம் மீதேனையும் 36 கிராம் நீரையும் தருகின்றன. இருபுறமும் கூட்டிப் பாருங்கள். 52 கிராமே வரும். எடையில் ஒன்றும் இழப்பில்லை. ஆனால் ஆற்றலில் இழப்பு உண்டு. அந்த 8 கிராம் ஹைட்ரஜனை நேரே எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இம்மாற்றத்தின்போதே வெளியேறிவிடுகிறது. எஞ்சியதே மீதேனில் தங்குகிறது. ஆகவே நிக்கல் ஒன்றுமில்லாததிலிருந்து எரிபொருளைப் படைத்துவிடுகிறது என்று எண்ணிவிடலாகாது. ஹைட்ரஜனைப் பெற முதலில் ஆற்றலைச் செலவிட்டே ஆகவேண்டும். வினையூக்கி வழியைச் சுருக்கும், வழிச்செலவை ஏற்காது.

நிக்கல் எவ்வாறு இதனைச் செய்கிறது? பலர் மோய்சானைப் போலவே, நுண்துளைகளில் வாயு நெருக்குண்டு வெப்பமடைவதால் நிகழ்வது என்றனர். சபாத்தியே அதனை ஏற்கவில்லை. அங்ஙனமாயின் நுண்துளையுடைய கரித்தூளும் இதே வேலையைச் செய்யவேண்டும் அன்றோ? அது செய்வதில்லை. ஒவ்வோர் உலோகமும் ஒவ்வொரு விதமாய் நடப்பானேன்? ஹைட்ரஜன் நிக்கலின் மேற்பரப்பிற் பிணைந்து ஒரு தற்காலிகக் கூட்டுப்பொருளாகிறது. உடனே அப்பிணைப்பை விட்டு மற்றப் பொருளோடு சேர்ந்துவிடுகிறது. விடுபட்ட நிக்கல் அடுத்த ஹைட்ரஜனை ஏற்கிறது என்பதே அவர் கொள்கை. இதிலிருந்து ஒரு நுட்பம் பெறப்படுகிறது. உலோகம் வாயுவைப் பற்றவும் வேண்டும். பற்றியதை விடவும் வேண்டும். பற்றே இல்லையெனில் வேலை தொடங்காது. பற்று மிகுந்தாலோ வேலை முடியாது. இன்று வினையூக்கி தேடும் ஆராய்ச்சியாளர் அனைவரும் முதலிற் பார்ப்பது இந்த அளவைத்தான். அதற்குச் சபாத்தியே நெறி என்றே பெயர் வழங்குகிறது.

இதன் செய்முறை எழுத்தில் தோன்றும் அளவுக்கு எளிதன்று. நிக்கல் ஆக்சைடை ஹைட்ரஜனில் மெல்லச் சூடேற்றி நிக்கல் பொடியைத் தயாரித்தல் வேண்டும். வெப்பம் மிகுந்துவிட்டால் பொடி ஒன்றோடொன்று ஒட்டி மடிந்துவிடும். நன்கு அமைந்த பொடியோ, வெறுங்காற்றுப் பட்டால் தானே தீப்பற்றிக்கொள்ளும். இவற்றினும் பெரிய இடர் நஞ்சு. கந்தகம் கலந்த பொருள் இம்மியளவு கலந்தாலும் நிக்கல் செயலற்றுவிடும். தூய்மையற்ற பென்சீனில் தயோபீன் என்றொரு கந்தகப் பொருள் இயல்பாகவே சிறிது கலந்திருக்கும். அதனை முற்றும் நீக்கினாலன்றி நிக்கல் வேலை செய்யாது. குளோரின், புரோமின் போன்றவற்றின் சிறு தடமும் அதற்குப் பகை. பிற அறிஞர் பலர் தோல்வியுற்ற இடத்தில் இவர்கள் வென்றதற்கு நுண்ணறிவோடு, பாத்திரம் துலக்குவது முதல் எதிலும் குறை வைக்காத இவர்தம் தூய்மையும் காரணமாகும்.

சபாத்தியே கண்ட முறையால் உலகச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டியோர் பலர். அச்செல்வம் துலூசை நாடி வரவில்லை. அவர் தம் முறையை ஆவியாகும் பொருள்களுக்கே கையாண்டார். எண்ணெயோ ஆவியாகுமுன் சிதைந்துவிடும். வில்லெம் நார்மன் என்னும் செருமானியர், நீர்ம நிலையிலுள்ள எண்ணெயிலேயே நிக்கல் பொடியைக் கலந்து அதனூடே ஹைட்ரஜனைச் செலுத்தினார். எண்ணெய் உறைந்து நெய்போல் ஆயிற்று. 1902 இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இவ்வழியில் பிறந்ததே வனஸ்பதி. நம் நாட்டில் 1930 களிலிருந்து டால்டா என்னும் பெயரோடு தகர டப்பாவில் வீடுதோறும் புகுந்தது இதுவே. செக்கில் ஆடிய கடலை எண்ணெயையே அறிந்திருந்த கொங்கு நாட்டுச் சமையலறைக்கு, எங்கோ பிரான்சு தேசத்துக் குழாயொன்றில் ஒளிர்ந்த நிக்கல் இவ்வாறு வந்து சேர்ந்தது. அது உடல்நலத்துக்கு நன்மையா என்பது வேறு கதை. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் இதயத்துக்குத் தீங்கு செய்வதைப் பின்னாளைய மருத்துவர்கள் கண்டறிந்தனர். பல நாடுகள் அதற்கு வரம்பு விதித்தன.

1907 இல் சபாத்தியேக்கு ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் மோய்சானும் மார்ச்சில் பெர்த்தலோவும் காலமாயினர். பாரிசின் இரு பெரும் பேராசிரியர் பதவிகள் வெற்றிடமாயின. இரண்டுக்கும் சபாத்தியேயின் பெயர் பேசப்பட்டது, அழைப்பும் வந்தது. அந்நாட்டில் பாரிசே எல்லாம். சிற்றூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து தலைநகருக்குச் செல்வதே அறிஞர் ஒவ்வொருவரும் வேண்டும் பதவி உயர்வு. அதற்கும் மேலாக, பாரிசில் வாழாதவர் விஞ்ஞான அக்காதெமியின் முழு உறுப்பினராதல் இயலாது என்பது பழைய விதி. ஆகவே பாரிசை மறுப்பது அக்காதெமியையும் மறுப்பதாகும். சபாத்தியே மறுத்தார். துலூசு மண்ணின் மீது அவருக்கிருந்த பற்று அத்தகையது. 1905 முதல் அவரே அங்கு விஞ்ஞானத் துறையின் தலைவர். இரசாயனம், மின்பொறியியல், வேளாண்மை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கழகங்கள் அந்நகரில் தோன்ற அவர் முன்னின்று உழைத்துக்கொண்டிருந்தார். தொட்ட வேலையை விட்டுச் செல்ல அவர் மனம் இசையவில்லை.

இறுதியில் விதியே வளைந்து கொடுத்தது. 1913 இல், பாரிசுக்கு வெளியே வாழும் அறிஞர்க்கென அக்காதெமியில் ஆறு இடங்கள் புதிதாக ஏற்படுத்தப்பட்டன. அவ்விடங்களுக்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சபாத்தியே.

அதற்கு முந்திய ஆண்டு, 1912 இல், அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மென்பொடியான உலோகங்களின் துணையால் கரிமப் பொருள்களில் ஹைட்ரஜனை ஏற்றும் முறைக்காக அது வழங்கப்பட்டது. பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவரோடு அதனைப் பெற்றவர் யார்? சாந்தரான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அல்லர். வேறொரு கண்டுபிடிப்புக்காக விக்தர் கிரிஞார் என்பவர் மற்றைப் பாதியைப் பெற்றார். எதிலீன், பென்சீன், கரியமில வாயு ஆகிய மூன்றைப் பற்றிய கட்டுரைகளிலும் சபாத்தியே, சாந்தரான் என்னும் இரண்டு பெயர்களே காணப்படும். பல்லாண்டு ஒரே அடுப்பருகே நின்றவர் பரிசு மேடையில் இல்லை. ஆராய்ச்சியின் கருத்து முதல்வருடையது, கைத்துணை மற்றவருடையது என்று பரிசுக் குழுவினர் கருதினர் போலும். சாந்தரான் இதனால் மனம் வருந்தினார். இருவரும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தனித்தனி வழியில் ஆராயத் தொடங்கியிருந்தனர். பாதிரியார் தம் வழியில் வினையூக்கி ஆராய்ச்சியை நெடுங்காலம் தொடர்ந்து, 1937 இல் மறைந்தார். பழைய நூல்களில் இம்முறைக்குச் சபாத்தியே–சாந்தரான் முறை என்ற பெயர் உண்டு. புதிய நூல்களில் இரண்டாம் பெயரைக் காண்பது அரிதாகிவிட்டது. இது நேர்மையாகாது என்பதே இதனை எழுதுவோன் கருத்து.

சபாத்தியேயின் இல்வாழ்க்கை நீண்ட மகிழ்ச்சியுடையதாய் இருக்கவில்லை. எதிலீன் சோதனையின் வெற்றி வந்த மறு ஆண்டே, 1898 இல், அவர் மனைவியார் இறந்தார். பெண்மக்கள் நால்வர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நாம் மேலே கண்ட பென்சீன் ஆராய்ச்சியும் கரியமில வாயு ஆராய்ச்சியும், தாயற்ற குழந்தைகள் நால்வர் வீட்டிற் காத்திருந்த ஆண்டுகளில் நடந்தவை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர். ஓவியத்திலும் தோட்டக் கலையிலும் விருப்பமுடையவர். 1913 இல் வினையூக்கி பற்றித் தாம் கண்டவை அனைத்தையும் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அது அத்துறையினர்க்கு நெடுங்காலம் கைந்நூலாய் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் வகுப்பறையை அவர் விட்டாரில்லை. தளர்ந்த பருவத்திலும் விரிவுரை நிகழ்த்தி வந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு வீழ்ந்து கிடந்த நாளில், 1941 ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 ஆம் நாள், தமது 86 ஆம் வயதில் துலூசிலேயே உயிர் நீத்தார். பின்னர் அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று பல்லாண்டுகள் அவர் பெயரைத் தாங்கி நின்றது.

அவர் காட்டிய வழியிற் பலர் நடந்தனர். 1920 களில் பிசர், திராப்சு என்னும் இரு செருமானியர், நிக்கலுக்குப் பதிலாக இரும்பையும் கோபால்ட்டையும் கொண்டு, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் இணைத்துப் பெட்ரோல் போன்ற எண்ணெயையே உண்டாக்கினர். அம்முறைக்கேற்ற வினையூக்கிகளை நம் நாட்டில் ஆராய்ந்தவருள் முக்கியமானவர், 1939 முதல் 1948 வரை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்த ஞானசந்திர கோஷ் ஆவார். 1980 களில் சப்பான் நாட்டறிஞர் ஓரி என்பவர், நீரிற் கரைந்த கரியமில வாயுவில் செப்புத் தகட்டை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் மீதேனும் எதிலீனும் பிறப்பதைக் காட்டினார். அதே வாயுவிலிருந்து மெதனால் என்னும் எரிசாராயத்தைச் செய்வதற்குச் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த ஊக்கி இன்று பயன்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் வினையூக்கி ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய மையம் ஏற்பட்டுள்ளது.

சபாத்தியேயின் காலத்தில் இது அறிவுக்கு விருந்து. இன்று அவ்வளவில் நிற்கவில்லை. ஆலைகள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்பொழுது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதனால் உலகம் சூடேறி வருகிறது. அவ்வாயுவைப் பிடித்து எரிபொருளாக மாற்றினால், புதிதாக நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டும் தேவை குறையும். ஆனால் மேலே சொன்ன கணக்கை மறவாதீர்கள். அதற்கு வேண்டும் ஹைட்ரஜனைக் கரியை எரித்துப் பெற்றால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகும். கதிரொளியிலிருந்தோ காற்றிலிருந்தோ மின்சாரம் எடுத்து, அம்மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைப் பெறவேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் சுழலும் காற்றாலைகளைக் காண்பவர்க்கு இது எட்டாத செய்தியன்று. செலவைக் குறைப்பதுதான் இன்னும் கைகூடவில்லை.

ஓரிடத்தில் மட்டும் செலவு ஒரு பொருட்டாகவில்லை. பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2010 ஆம் ஆண்டு சபாத்தியேயின் பெயரால் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அங்கே வாழ்வோர் சுவாசிக்கும் பிராணவாயுவுக்காக மின்சாரத்தால் நீரைப் பிரிக்கிறார்கள். அப்பொழுது ஹைட்ரஜன் எஞ்சுகிறது. அவர்கள் விடும் மூச்சில் கரியமில வாயு வருகிறது. இரண்டும் சூடான உலோக ஊக்கியின் மீது சென்றன. பிறந்த மீதேனை வெளியே வானில் விட்டுவிட்டனர். உடன் பிறந்த நீரைத் தூய்மையாக்கிப் பருகினர்.